பெட்டிக்குள்ளேயே காணாமல் போன கழுதை

"கழுதையைக் காணோம்" என்று ஸ்டூடியோ முதலாளி சொன்னதும் மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை திரும்பி ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

"குட்டிச்சுவர் பக்கம் பார்த்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்டு வைத்தான்.

"மாப்பிள்ளை, நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா ரொம்ப நல்லா இருக்கும்" என்றார் அத்தை.

இதுதான் அவன் தலையெழுத்து. ஊரில் மற்ற உதவியாளர்கள் எல்லாம் "டேய்" என்று திட்டு வாங்குவார்கள். இவன் மட்டும் "நீங்க, வாங்க, போங்க" என்று முழு மரியாதையோடு திட்டு வாங்குகிறவன். மரியாதை சேர்ந்த திட்டு இரண்டு மடங்கு வலிக்கும் என்பது மாமியாரிடம் வேலை பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

அத்தை சாமானியப்பட்டவர் அல்ல. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழுதாக எரிந்து போனதாகச் சொன்ன ஒரு கடையில், கடைக்காரரின் குடை மட்டும் பத்திரமாக வீட்டுக்குப் போயிருந்ததை வைத்துக் கேஸை முடித்தவர். வீட்டின் முன் அறையிலேயே துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். அதே நேரம் பார்த்து மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டது. "சும்மாதானே இருக்கீங்க, அம்மாவுக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்களேன்" என்றாள் மனைவி. அதற்கு மேல் கேள்வி கேட்கிற துணிச்சல் அவனுக்கு இல்லை.

முதலாளியின் அறையில் விருந்தாளிக்கு ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அத்தை உட்கார்ந்தார். மாப்பிள்ளை இன்னொன்றைத் தேடினான்.

"ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் எதுக்கு உட்காரணும்? ரெண்டு நாற்காலி எதுக்கு?" என்றார் முதலாளி. மேலே இரட்டை ட்யூப் லைட் சட்டத்தில் ஒரு ட்யூப்தான் இருந்தது. சொன்னதைச் செய்து காட்டுகிற மனிதர்.

விஷயம் இதுதான். அது குரல் கொடுக்கிற ஸ்டூடியோ. ஒரு கார்ட்டூன் படம், கதாநாயகன் கழுதை. மாதக்கணக்கில் குரல் பதிவு செய்து நேற்றுத்தான் முடிந்தது. இன்று சாயங்காலம் படக் கம்பெனிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "டிஸ்க் இல்லை" என்று வருகிறது.

"வேற காப்பி இல்லையா?" என்றார் அத்தை.

"ஒரே படத்துக்கு ரெண்டு காப்பி எதுக்கும்மா?"

"எதுக்குன்னு இப்ப தெரிஞ்சிருக்குமே சார்" என்றான் மாப்பிள்ளை.

முதலாளி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எல்லாம் அந்த ஒலிப்பதிவுப் பொண்ணு வேலை. வேற இடத்துல வேலை கிடைச்சுடுச்சுன்னு நேத்துதான் வந்து சொன்னா. கடைசியா பூட்டிட்டுப் போனவளும் அவதான். போலீசுக்குச் சொன்னா பெட்டியையே தூக்கிட்டுப் போயிடுவாங்க. நீங்க நாலு வார்த்தை மிரட்டி, அழிச்சதைத் திருப்பி வாங்கிக் கொடுங்க. இல்லேன்னா படக் கம்பெனிக்காரங்க வந்ததும் நேரா ஸ்டேஷன்தான்."

"முதல்ல பெட்டியைப் பார்க்கலாம்" என்று அத்தை எழுந்தார்.

பதிவு அறையில் கம்ப்யூட்டர் டாக்டர் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். ஒரு கையில் பிஸ்கட், இன்னொரு கையின் விரல் விசைப்பலகைக்கு மேலே. திரையில், டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்ற கேள்வி.

"டிஸ்க் ரெண்டும் உள்ளேதான் இருக்கு. ஆனா ரெண்டுலயும் ஒண்ணும் புரியலை, ஒரே குப்பை" என்றார் டாக்டர். "துடைச்சுட்டு முதல்லேர்ந்து போட்டுத் தர்றேன், புதுசு மாதிரி ஆயிடும்."

விரல் இறங்கியது. அத்தையின் கைப்பை பறந்து வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டது.

"வைத்தியரே, நோயாளி செத்தாச்சான்னு பார்க்காமலே கொள்ளி வைக்கக் கூடாது. கையை எடுங்க" என்றார் அத்தை. "ஒரே ராத்திரியில ரெண்டு டிஸ்கும் ஜோடியா செத்துப் போறதுக்கு அதுங்க என்ன காதலர்களா? மாப்பிள்ளை, அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."

ஒலிப்பதிவாளர் பின்னால் இருந்த ஓய்வறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவளைப் பதிவு அறைப் பக்கமே விடவில்லை. அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மாப்பிள்ளை நாக்கில் தயாராக இருந்த நகைச்சுவையை எல்லாம் விழுங்கிவிட்டான். தன் கைக்குட்டையை நீட்டினான்.

அறைக்குள் வந்ததும் அவள் அத்தையிடம்தான் பேசினாள். "நான் எதையும் தொடலை மேடம். புது இடத்துல எல்லாம் பேசி முடிச்சுட்டாங்க. இங்கே சார்கிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டுட்டு வேலைக்கு எடுத்துக்கறோம்னாங்க. இவர் திருடின்னு சொன்னா அதோட போச்சு. அந்த இடம் மட்டுமில்லை, இந்தத் தொழில்லயே யாரும் என்னைச் சேர்க்க மாட்டாங்க."

"ரெண்டு டிஸ்க் எதுக்கும்மா?" என்றார் அத்தை.

"அதையேதான் நானும் கேட்டேன்!" என்றார் முதலாளி.

"படம் பெரிசு மேடம், ஒரு டிஸ்க்னா திக்கித் திக்கி ஓடும். அதனால ரெண்டையும் ஜோடி போட்டேன். ஒவ்வொரு சத்தத்துலயும் பாதி இதுல, பாதி அதுல போய் உட்காரும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் கழுதை. தனித்தனியா பார்த்தா வெறும் குப்பை."

"யார் சேர்த்துப் பார்க்கறது?"

"உள்ளே டிஸ்க் கன்ட்ரோலர்னு ஒண்ணு இருக்கு. மாட்டு வண்டி ஓட்டறவர் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ரெண்டு மாட்டையும் ஒரே நுகத்தடியில பூட்டி ஓட்டுன்னு அவருக்குச் சொல்லி வைக்கணும். கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது செட்டிங் பக்கம்னு ஒண்ணு வரும், அதுல சொல்லணும். அந்த செட்டிங்குக்குப் பேர் ரெய்டு."

"ரெய்டா?" முதலாளி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். "எப்ப வர்றாங்க?"

யாரும் வரவில்லை என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்த மாப்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் டாக்டர் கம்ப்யூட்டரை மறுபடி ஆரம்பித்து, செட்டிங் பக்கத்துக்குள் நுழைந்திருந்தார்.

"ரெய்டு எல்லாம் இல்லையே. ஏ.ஹெச்.சி.ஐ.ன்னு இருக்கு. அதாவது ஒவ்வொரு டிஸ்கும் தனித்தனி. அதுதான் சாதாரணமா இருக்கிறது, அதான் நான் கண்டுக்கலை" என்றார், பிஸ்கட் தூளைத் தட்டிக்கொண்டே.

ஒலிப்பதிவாளர் திரைக்கு முன்னால் ஓடி வந்தாள். "நான் ரெய்டுலதான் வெச்சிருந்தேன்!"

முதலாளி குதித்தே விட்டார். "பார்த்தீங்களா? பார்த்தீங்களா? யாரோ மாத்தியிருக்காங்க. இந்த செட்டிங்ல இப்படி ஒரு விஷயம் இருக்குங்கறது இந்த ஸ்டூடியோவுல யாருக்குத் தெரியும்? இவ ஒருத்திக்குத்தான்! திருடி, திருடி! தன் வாயாலேயே சொல்லிட்டா!"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அந்தப் பெண் அதைத்தான் செய்துவிட்டாள் என்று மாப்பிள்ளைக்கே தோன்றியது. நல்ல வேளையாக அப்போது முதலாளியின் போன் அடித்தது. படக் கம்பெனி. குரலில் வெண்ணெய் தடவிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்.

சங்கடம் தாங்காமல் மாப்பிள்ளை திரையைப் பார்த்தான். செட்டிங் பக்கத்தின் மேல் மூலையில் தேதி இருந்தது. ஜனவரி முதல் தேதி, ஏதோ பழைய வருஷம்.

"இந்தத் தேதியில எனக்குக் கல்யாணமே ஆகலை அத்தை" என்றான். "இப்படியே விட்டுடலாமா?"

அத்தை சட்டென்று திரும்பினார். வழக்கமான பார்வை இல்லை.

"மாப்பிள்ளை, இப்ப என்ன சொன்னீங்க?"

"ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேன் அத்தை. உங்க பொண்ணுகிட்ட..."

"அதை விடுங்க. இந்தத் தேதி தப்புதானே? டிஸ்கை ஒளிக்கணும்னு நினைக்கிறவ அந்த செட்டிங்கை மட்டும்தான் மாத்துவா. தேதியை எதுக்குத் திருடணும்?" அத்தையின் கண்ணில் பழைய இன்ஷூரன்ஸ் பிரகாசம் வந்துவிட்டது. "ஒருத்தர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மறந்தா அது கள்ளத்தனம். எல்லாத்தையும் மறந்தா அது வியாதி. இந்தப் பெட்டிக்கு ஞாபகமே போயிருக்கு."

"அப்ப நான் போன வருஷம் கல்யாண நாளை மறந்தது?"

"அது ஒண்ணை மட்டும்தானே மறந்தீங்க? கள்ளத்தனம்" என்றார் அத்தை. "ஏம்மா, இந்தப் பெட்டி தேதியையும் செட்டிங்கையும் எதை வெச்சு ஞாபகம் வெச்சுக்குது?"

ஒலிப்பதிவாளர் அழுகையை நிறுத்திவிட்டாள். "பேட்டரி!" என்றாள். "உள்ளே போர்டுல சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமா ஒரு பேட்டரி இருக்கும் மேடம். கரண்ட் இல்லாதப்போ அதுதான் எல்லாத்தையும் காப்பாத்தி வைக்கும். அது இல்லேன்னா, கம்பெனியில வந்தப்போ எப்படி இருந்துச்சோ அந்த நிலைக்குப் போயிடும். தேதி பழசாயிடும். டிஸ்க் தனித்தனியாயிடும்!"

டாக்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். நான்கு தலைகள் உள்ளே எட்டிப் பார்த்தன. போர்டின் நடுவில் வட்டமாக ஒரு குழி. குழி காலி.

"ஆக, திருட்டுப் போனது கழுதை இல்லை. ஒரு பொத்தான்" என்றான் மாப்பிள்ளை.

"பொத்தானை எடுத்தவங்க எங்கேயாவது போட்டிருப்பாங்க. சின்னதா, தட்டையா, பேட்டரி போடற பொருள். முதலாளிகிட்ட மூச்சு விடாதீங்க. தேடுங்க" என்றார் அத்தை.

மாப்பிள்ளைக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. குரல் பதிவுக் கண்ணாடி அறைக்குள், கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டு ஒரு பெரிய மனிதர் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். கழுதைக்குக் குரல் கொடுத்த நடிகர், படம் கைமாறுவதைப் பார்க்க வந்திருந்தார். தொண்டைக்கு ஓய்வு என்பதால் யாரிடமும் பேசுவதில்லை, எல்லாம் ஜாடைதான். அவருடைய சட்டைப் பையில் சின்னதாக, தட்டையாக என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்ததும் அவர் கை தானாகப் பையை மூடியது.

"அத்தை, ஆள் சிக்கிட்டாரு!" என்று மாப்பிள்ளை பாய்ந்தான். "இங்க ஒட்டியிருக்கிற பதிவுச் சீட்டைப் பாருங்க, அந்தப் பொண்ணு இவரை ஒரு கத்தலுக்கு ஒன்பது தடவை கத்த விட்டிருக்கா. அந்தக் காண்டு!"

இரண்டு பேரும் மைக்கைச் சுற்றிச் சுற்றி ஓடினார்கள். மூன்றாவது சுற்றில் பையிலிருந்த பொருள் மாப்பிள்ளையின் கைக்கு வந்தது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற கருவி. பின்புற மூடியைத் திறந்தான். உள்ளே வட்டமாக ஒரு பேட்டரி!

அத்தை கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். பேட்டரியின் ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்து, கருவியோடு ஒட்டிக்கிடந்தது. "இது இந்தக் கருவி பிறந்தப்பவே கூடப் பிறந்தது மாப்பிள்ளை. எங்கேயும் போனதில்லை, எங்கேயிருந்தும் வரலை."

"அப்ப எதுக்கு சார் ஒளிச்சீங்க?"

நடிகர் பரிதாபமாகக் கருவியின் திரையைக் காட்டினார். அதிலிருந்த எண்ணைப் பார்த்த மாப்பிள்ளை, அது போன் நம்பரோ என்று ஒரு கணம் நினைத்தான். நடிகர் கழுத்தில் தாலி கட்டுவது போல் ஜாடை காட்டி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். சம்சாரிக்குச் சம்சாரி மனம் இளகி மாப்பிள்ளை தலையாட்டினான். அவமானம் அடங்காத நடிகர், ஓய்வையும் மறந்து, கூரை அதிர ஒரு கழுதைக் கத்தல் கத்திவிட்டு மறுபடி வெந்நீருக்குத் திரும்பினார். அந்தக் கத்தலில் பொய் இருக்கவே முடியாது.

"போச்சு" என்றான் மாப்பிள்ளை. "கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதையா, இருந்த ஒரு ஆளும் போயிட்டாரு."

அத்தை ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "நேத்து போகும்போது என்ன செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு."

"எப்பவும் போல கம்ப்யூட்டரை அணைச்சேன். அப்புறம் சுவர் சுவிட்சையும் அணைச்சேன். அது மட்டும்தான் புதுசு மேடம். இதுவரைக்கும் சுவிட்சைத் தொட்டதே இல்லை. 'ராத்திரி யாருக்காக கரண்ட்? சுவிட்சையும் அணைச்சுட்டுப் போ'ன்னு நேத்துதான் சார் சொன்னாரு."

"சுவிட்ச் போட்டே இருந்தா, பேட்டரி இல்லாட்டியும் ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும். கரண்டே பார்த்துக்கும்."

"அப்ப பேட்டரி நேத்துத்தான் போகணும்னு இல்லை. முன்னாடியே போயிருக்கு. சுவிட்சை அணைச்ச அன்னிக்குத்தான் குட்டு உடைஞ்சிருக்கு." அத்தை யோசித்தபடி மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க வந்ததுலேர்ந்து ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

"எங்கே உட்கார்றது? நாற்காலி ஒண்ணுதானே இருக்கு."

"ஏன் ஒண்ணு இருக்கு?"

"அந்த மனுஷனுக்கு எதுவா இருந்தாலும் ரெண்டு இருந்தா ஆகாதே அத்தை. நாற்காலி, ட்யூப் லைட், காப்பி..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். அவன் கண் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தின் மேல் நின்றது. அங்கிருந்து மெல்ல இறங்கி, திரையின் மூலையில் தப்பாக ஓடிக்கொண்டிருந்த நேரத்துக்கு வந்தது. "அத்தை! இந்த அறையில ரெண்டு கடிகாரம்!"

"அடேயப்பா" என்றார் அத்தை. மாப்பிள்ளை இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததில்லை. அவன் பூரித்து முடிப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

வாசலில் முதலாளி போன் பேசி முடித்துவிட்டுத் தன் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த ரிமோட் சாவியை அழுத்தினார். கார் "கீக்" என்றது. மறுபடி அழுத்தினார். "கீக் கீக்". முகத்தில் பச்சைக் குழந்தையின் சந்தோஷம்.

"ரிமோட் நல்லா வேலை செய்யுதே" என்றார் அத்தை.

"கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் படுத்துக்கிட்டு இருந்துச்சும்மா. பேட்டரி மாத்தினேன்."

"கடையில வாங்கினீங்களா?"

"கடையில எதுக்கு? கம்ப்யூட்டர்ல ஒண்ணு சும்மா கிடந்துச்சு. அது கடிகாரத்துக்கான பேட்டரின்னு முன்னாடி ஒரு மெக்கானிக் சொன்னான். சுவர்லதான் பெரிசா கடிகாரம் மாட்டியிருக்கே, பெட்டிக்குள்ள இன்னொண்ணு எதுக்குன்னு..."

பேசிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே அத்தை, மாப்பிள்ளை, டாக்டர், கழுதை நடிகர், கடைசியில் ஒலிப்பதிவாளர். எல்லார் கண்ணும் அந்தச் சாவியின் மேல்.

"ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க?" என்றார் முதலாளி.

"ஒரு வாழ்த்து சொல்லலாம்னு பார்க்கறோம் சார்" என்றான் மாப்பிள்ளை. "திருடனைப் பிடிக்க ஆள் வெச்சீங்க. ஆள் கிடைச்சுட்டாரு. சாவியும் கையுமா."

சாவியிலிருந்து வெளியே வந்த பேட்டரி குழிக்குள் போய் உட்கார்ந்தது. ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். செட்டிங் பக்கத்தில் இறங்கி, டிஸ்க் கன்ட்ரோலர் என்ற வரியில் நின்று, ஏ.ஹெச்.சி.ஐ.யை ரெய்டு என்று மாற்றினாள். மாற்றியதைச் சேமித்து வெளியேறலாமா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள்.

திரை கறுப்பானது. கறுப்பாகவே இருந்தது. காலையில் டாக்டர் தட்டிய ஏதாவது ஒரு விசை டிஸ்கில் எதையாவது அழித்திருந்தால் எல்லாம் முடிந்தது. டாக்டர் பிஸ்கட் பொட்டலத்தை மெதுவாகப் பைக்குள் வைத்தார். மாப்பிள்ளை அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. இரண்டு டிஸ்க், ஒரே ஜோடி, நலம். ஒலிப்பதிவாளர் படத்தைத் திறந்து ஓட விட்டாள். ஒலிபெருக்கியில் கழுதை முழுத் தொண்டையில் கத்தியது. அதைவிட இனிமையான பாட்டை மாப்பிள்ளை கேட்டதில்லை. நடிகர் தன் குரலைத் தானே கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதலாளி கைகளைத் தட்டினார். "அப்பாடா! சரி சரி, நடந்தது நடந்து போச்சு. மனசுல வெச்சுக்காதேம்மா. சீக்கிரம் படத்தை எடுத்து வை, அவங்க வந்துடுவாங்க."

ஒலிப்பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், கொஞ்சம் கண்ணாடி அறைக்குள்ள போங்க."

"எதுக்கு?"

"ஒரு குரல் பதிவு பாக்கியிருக்கு."

அத்தை கதவைத் திறந்து பிடித்து ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு வெளியே நிற்க மாப்பிள்ளையால் இதுவரை முடிந்ததில்லை. முதலாளியாலும் முடியவில்லை. உள்ளே போய் மைக்குக்கு முன்னால் நின்றார்.

"காலையில எல்லார் முன்னாடியும் என்னைப் பத்திச் சொன்னதையே சொல்லுங்க. கூட ஒரே ஒரு 'இல்லை' சேர்த்துக்கோங்க" என்றாள் ஒலிப்பதிவாளர், கண்ணாடி அறைக்குள் கேட்கும்படி பேச்சு விசையை அழுத்தி.

முதலாளி செருமினார். "இவ திருடி இல்லை. போதுமா?"

"வேகமா ஓடறீங்க சார். இன்னொரு தடவை."

"இவங்க திருடி இல்லை."

"மூச்சு சத்தம் வருது. இன்னொரு தடவை."

"இவங்க... திருடி இல்லை!"

"கோபமா இருக்கு சார். இந்த இடத்துல கோபம் என்னுது."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற நடிகர், மார்பில் கை வைத்து, அடி வயிற்றிலிருந்து சொல்லுங்கள் என்று முதலாளிக்கு ஜாடையில் பாடம் நடத்தினார். முதலாளிக்கு வியர்த்தது. மைக்கைப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக, சிவந்த மூக்கோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் குரல் இறங்கியது.

"இந்தப் பொண்ணு வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து, கதவைப் பூட்டினாளான்னு நான் ஒரு நாள்கூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கணும்னு தோணினதே இல்லை. அவ்வளவு நம்பிக்கை. அப்படிப்பட்டவளைப் போய் இன்னிக்குத் திருடின்னு சொன்னேன். அவ திருடி இல்லை. தப்பு என்னுது." கொஞ்சம் நிறுத்தி, "மன்னிச்சுடும்மா" என்றார்.

ஒலிப்பதிவாளர் பதிவை ஒரு தடவை ஹெட்போனில் கேட்டுப் பார்த்தாள். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு விசையை அழுத்தினாள்.

"ஓகே சார். இது நல்லா வந்திருக்கு."

"முடிஞ்சுதா? வெளியே வரலாமா?"

"வாங்க சார்" என்றாள், தன் போனைப் பார்த்தபடி. "புது இடத்துல உங்ககிட்ட என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கணும்னு சொன்னாங்க. உங்க குரல்லயே அனுப்பிட்டேன்."